தனிநபர் பயன்பாட்டு மூடி

குறைதீர் ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு நாற்காலி கொடுக்கவில்லை. நாற்காலி கேட்டு எழுத ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். 'உட்கார்ந்து நிதானமாக நிரப்பவும்' என்று அதன் தலையிலேயே அச்சடித்திருந்தது. பதினோரு நாள் ஜன்னல் விளிம்பில் கணினியை வைத்து நின்றுகொண்டே வேலை பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் நாற்காலி வந்தது. மூன்று கால்தான் இருந்தது. இதைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா என்று கீழே முகப்பில் இருக்கும் எழுத்தரம்மாவிடம் கேட்டேன். அந்தம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இங்க வேலை பாக்குறவங்க இங்கயே புகார் குடுக்கக் கூடாதுப்பா. நம்ம எண்ணிக்கை ஏறிடும்."

எண்ணிக்கைதான் அங்கே எல்லாம். ஆணையம் ஒன்பது மாடி. எட்டு மாடிகளில் குறைகளை எண்ணுகிறார்கள். ஒன்பதாவதில் தலைவர் இருக்கிறார். குறையைத் தீர்க்கிற மாடி எது என்று நானும் இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். லிஃப்ட் அங்கே நிற்பதில்லை போலிருக்கிறது.

என்னை எடுத்ததும் எண்ணத்தான். ஒப்பந்த வேலை. ஊர் முழுவதிலிருந்தும் ஒரு வருஷத்தில் வந்த புகார்களை ஒரே அட்டவணையில் ஏற்றியிருந்தார்கள்; ஒரு வரிக்கு ஒரு புகார், எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பதினேழு வரி. இதில் திரும்பத் திரும்ப வருவது எது, மொத்தம் எத்தனை விதம், ஒவ்வொன்றும் எத்தனை தடவை என்று நான் பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதிச் சொல்ல வேண்டும். இந்த நாலு வரிக்காக எனக்கு முன்னால் நாற்பது பேர் நாலு வருஷம் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை வேலையை விட்டு எடுக்கவில்லை. நான் எண்ணியதைச் சரிபார்க்க வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் அந்த அட்டவணையில் ஒரு சொந்த விஷயம் இருந்தது. என் அக்காவின் குழி.

அக்கா தையல்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். மாமா, அதாவது அக்காவின் கணவர், கடிகாரம் பழுது பார்க்கிறவர். பெரிய தெருவில் கடை. கண்ணில் அழுத்தம் ஏறி அவருக்குப் பக்கத்துப் பார்வை முழுக்கப் போய்விட்டது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். கைக்கடிகாரத்துக்குள் மயிரிழைச் சுருள் தெரியும். தன் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வீடு ஒரு முட்டுச்சந்தில். சந்தின் வாயில், நட்ட நடுவில், பாதாளச் சாக்கடைக் குழி. அதன் இரும்பு மூடி காணாமல் போய் எட்டு மாதம். உள்ளே போனவர் வெளியே வரவும் அதே வழிதான். கார்காரர்கள் குழியைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுப் போய்விடுவார்கள். மனுஷர்கள் சுவரை ஒட்டி ஒரு சாண் இடத்தில் பல்லி மாதிரி ஊர்ந்து போக வேண்டும்.

மாமா ஒரு தடவை விழுந்தார். மார்பு வரை உள்ளே போய், விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். காலில் ஒன்பது தையல். அக்கா ஒரு கனமான பலகையைக் குழியின் மேல் போட்டாள். மறுநாளே நகராட்சி ஆள் வந்து, பொதுவழியில் தடை ஏற்படுத்துவதாகச் சொல்லிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். குழி தடையில்லையாம், பலகைதான் தடையாம்!

"நீ அங்கதானடா வேலை பாக்குற?" என்றாள் அக்கா. "சந்துல ஒருத்தர் பாக்கியில்லாம எழுதிக் குடுத்தாச்சு. தினம் காலையில அவர் கிளம்பிப் போனா, கடைக்குப் போய்ச் சேர்ந்தாரான்னு போன் பண்ணிக் கேட்டப்புறம்தான் நான் ஊசியில நூலே கோக்குறேன். அடுத்த தடவை விழுந்தா தையல் போட ஆள் இருக்க மாட்டாருடா."

"கவலைப்படாதக்கா. எண்ணி முடிச்சுட்டா உன் குழிதான் மேல வரும். அப்புறம் அவங்களால தட்ட முடியாது."

அப்படித்தான் நம்பினேன். எண்ணிக்கைக்கு மரியாதை இருக்கும் என்று நினைத்த மடையன் நான்.

வேலை லேசில்லை. ஒருவர் 'மூடி இல்லை' என்று எழுதுவார். இன்னொருவர் அதையே எழுதி நாலு இடைவெளி விடுவார். மூன்றாமவர் ஐந்து ஆச்சரியக்குறி போடுவார். நான்காமவர் கோபத்தில் 'மூடி எங்கய்யா?' என்று மட்டும் எழுதுவார். மனுஷனுக்கு நாலும் ஒன்று. கணினிக்கு நாலும் நாலு. நான் இடைவெளிகளை உதறி, குறிகளைக் களைந்து, இடத்தையும் விஷயத்தையும் பொருத்தி, ஒன்றாக வேண்டியதையெல்லாம் ஒன்றாக்கினேன். மூன்று வாரம் பிடித்தது. அதை அவ்வளவு சுத்தமாகச் செய்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

முடிவில் இரண்டு பட்டியல்கள் எடுத்தேன். ஒன்று பெரிய தாள்கட்டு, அதில் எல்லா விதமும் இருந்தது: நாலாயிரத்து முப்பத்தெட்டு விதக் குறைகள், அதிகம் பேர் சொன்னது மேலே. முதல் பக்கத்திலேயே அக்காவின் குழி, இருநூற்றுப் பதினான்கு பேரோடு. இன்னொன்று ஒற்றைத் தாள்: ஊரில் ஒரே ஒருவர் மட்டும் சொன்னவை, மொத்தம் பத்தொன்பது. அவசரமில்லாதவை என்று ஒதுக்கிவைக்க வசதியாக இருக்கட்டும் என்று அதைத் தனியாக எடுத்தேன்.

ஒன்பதாம் மாடியில் தலைவர் இருந்தார். பக்கத்தில் செயலாளர், பேனாவைத் திறந்து பிடித்தபடி. தலைவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது செயலாளரின் வேலை. தலைவர் ஒன்றும் சொல்லாதபோதும் குறித்துக்கொள்வார். தாள்கட்டையும் ஒற்றைத் தாளையும் மேஜையில் வைத்தேன். தலைவர் கட்டைத் தொடவே இல்லை. ஒற்றைத் தாளை எடுத்தார்.

"பத்தொன்பதா? எண்பத்தாறாயிரம் பத்தொன்பதாக் குறைஞ்சிடுச்சா?"

"இல்லைங்கய்யா, அது ஒரே ஒருத்தர் மட்டும் சொன்னது. நிறையப் பேர் சொன்னது அந்தக் கட்டுல இருக்கு."

"நிறையப் பேர் சொல்றது எப்படித் தம்பி குறையாகும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒருத்தனுக்கு மட்டும் இருந்தா அது குறை. எல்லாருக்கும் இருந்தா அது நிலைமை. நிலைமைக்கு வேற துறை இருக்கு. நாம குறைதீர் ஆணையம்."

"ஐயா, ஒரே குழியை இருநூத்திப் பதினாலு பேர் சொல்றாங்கன்னா, அந்தக் குழி நிஜமாவே அங்க இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இருநூத்திப் பதினாலு பேர் ஒரே மாதிரி எழுதினா ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். பரீட்சையில காப்பி அடிச்சா என்ன பண்ணுவோம்? எல்லாருக்கும் பூஜ்யம். யாரு யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு உக்காந்து ஆராய்ச்சியா பண்ணிட்டிருப்போம்?"

செயலாளர் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, இதைக் கணினியில் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும். திரும்ப வருவதை நீக்கும் கட்டளை ஒன்று உண்டு. முதலில் வந்ததை வைத்துக்கொள்ளவா, கடைசியாக வந்ததை வைத்துக்கொள்ளவா, இல்லை ஒன்றுகூட வேண்டாமா என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஒன்றுகூட வேண்டாம் என்றால் இரண்டு தடவை வந்தது எதுவும் மிஞ்சாது.

"மூணாவதுதான் நம்ம கொள்கை," என்றார் தலைவர்.

மாலைக்குள் சுற்றறிக்கை எண் ஏழு வந்துவிட்டது. 'ஒரு தடவைக்கு மேல் வரும் எதுவும் ஆணையத்தின் கணக்கில் வராது. இம்முறையை எக்காரணம் கொண்டும், யாருக்காகவும் மாற்றக் கூடாது.' கீழே தலைவரின் கையெழுத்து, அதன் கீழே அந்தக் கையெழுத்து உண்மையானது என்று செயலாளரின் கையெழுத்து. நான் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் அக்கா தன் புகாரில் விட்டிருந்த நாலு இடைவெளியாவது அவளைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்த வாரம் பெரிய மண்டபத்தில் விழா. பத்திரிகைக்காரர்கள் முன்னால் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். "நான் பொறுப்புக்கு வந்தப்ப எண்பத்தாறாயிரம் குறைகள் இருந்துச்சு. ஒரு குறையைக்கூடத் தொடாம அதைப் பத்தொன்பதுக்குக் கொண்டுவந்திருக்கோம்! தொட்டிருந்தா எவ்வளவு செலவாயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க." கைதட்டல் நிற்கவில்லை. எட்டு மாடி ஆட்களும் தட்டினார்கள். ஒவ்வொரு மாடியும் எத்தனை தடவை தட்டியது என்று ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்தொன்பதையும் ஆணையம் விட்டுவைக்கவில்லை. முதலாவது புகார் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரருடையது. எதிர்வீட்டுக் கிளி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதாம். எட்டிப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறதாம். கால்நடை மருத்துவர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர், குரலை அடையாளம் காணும் நிபுணர் ஒருவர் என மூன்று பேர் போனார்கள். கிளி வாக்குமூலம் தர மறுத்தது. அதன் மௌனத்தை நாற்பது நிமிஷம் பதிவு செய்து, நாற்பது நிமிஷத்தையும் தட்டச்சு செய்து இணைத்தார்கள். கடைசியில் கிளிக்கு வேறு பகுதிக்கு இடமாற்ற உத்தரவு போனது. இன்னொருவருக்கு நூலகத்தின் மூன்றாவது படி மற்ற படிகளைவிடத் தன்னைக் குறைவாக மதிக்கிறது என்று வருத்தம். அந்தப் படியை இடித்துவிட்டு, நன்னடத்தை உள்ள புதுப்படி ஒன்றைக் கட்டினார்கள். ஆணையத்துப் பெயர்ப்பலகையின் பச்சை தன் வீட்டுக் கதவின் பச்சை என்று சண்டை பிடித்தவருக்கு, அவருடைய கதவு நீல வண்ணம் பூசித் தரப்பட்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது மாமா தினமும் இரண்டு வேளை சுவரைத் தடவிக்கொண்டு அந்த ஒரு சாணில் போய் வந்துகொண்டிருந்தார்.

அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடாவைக் கூடக் கழற்றவில்லை. எழுத்தரம்மா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க புகார் கணக்குல இல்லம்மா. உங்களோட சேர்த்து இருநூத்திப் பதினாலு பேர் சொல்லியிருக்காங்க."

"அதனாலதான் சீக்கிரம் பண்ணணும்!"

"அதனாலதான் பண்ண முடியாது. நீங்க ஒருத்தர் மட்டும் சொல்லியிருந்தா இந்நேரம் குழு வந்திருக்கும். பாவம், உங்க அக்கம்பக்கத்து ஆளுங்களே உங்களக் கவுத்துட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். யோசனை ஓடுகிறது என்று அர்த்தம்.

"அப்ப மத்த இருநூத்திப் பதிமூணு பேரும் வாபஸ் வாங்கிட்டா?"

"நீங்க ஒருத்தர்தான் மிஞ்சுவீங்க," என்றார் எழுத்தரம்மா. அவர் குரலில் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது.

அக்கா வீடு வீடாகப் போனாள். சந்து முழுக்கத் திரண்டு வந்து, 'என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் நிராகரிக்கப்பட்டன. இருநூற்றுப் பதிமூன்று மனுவும் ஒரே மாதிரி இருந்ததால், சுற்றறிக்கை ஏழின்படி எதுவும் கணக்கில் வரவில்லை. புகாரும் இல்லை, வாபஸும் இல்லை.

"ஒவ்வொருத்தரும் வேற வேற காரணம் எழுதணும்க்கா," என்றேன். "ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் முன்னறையில் கூட்டம் நெரிந்தது. வெட்டிய துணிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டே, ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது; வயிற்றெரிச்சலும் கூடவே இருந்தது.

'குழியைத் தாண்டிப் பழகியதில் என் இடுப்பு வலி போய்விட்டது.'

'கோபத்தில் எழுதிவிட்டேன். கோபம் ஆறிவிட்டது. குழி அப்படியே இருக்கிறது.'

'என் மாமியார் அந்தப் பக்கமாகத்தான் வருகிறார். மூட வேண்டாம்.'

"அடியே, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்!" என்று ஒரு மாமியார் கத்தினார். பிறகு தன் தாளில், 'என் மருமகளுக்கு என்ன காரணமோ அதற்கு நேர் எதிர்க் காரணம்' என்று எழுதினார். அது வேறு எதனோடும் ஒத்துப்போகவில்லை, ஏற்றுக்கொண்டேன்.

மாமா கடைசியாக எழுதினார். தாளைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக. 'எனக்குக் கண் சரியாகத் தெரியாததால் அங்கே குழி இருப்பதாக உறுதியாகச் சொல்ல இயலாது.' அக்கா எழுந்து உள்ளே போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பட்டியலில் இருபதாவதாக அக்காவின் குறை ஏறியது. மூன்றாம் நாளே செயலாளர் நேரில் ஆய்வுக்கு வந்தார். அளக்க இரண்டு ஆட்கள், படம் எடுக்க ஒருவர். மற்ற யாரும் முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் எல்லாம் பாழ் என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். சந்து பிரமாதமாக நடித்தது. காய்கறிப் பையோடு ஒருவர் குழியைக் குதித்துத் தாண்டி, "காத்தாட இருக்கு" என்றார். இரண்டு பெண்கள் குழியின் விளிம்பில் நின்றே ஊர்க்கதை பேசினார்கள். மாமாவை மட்டும் அக்கா உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"வேற யாருக்கும் இதனால தொந்தரவு இல்லையே?" என்று செயலாளர் கேட்டார்.

"இல்லைங்க. எனக்கு மட்டும்தான்," என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குத்தான் தெரியும்.

"நிச்சயமா?"

"நான் கொஞ்சம் பயந்த சுபாவம்ங்க."

ஒரு வாரத்தில் மூடி வந்தது. இரும்பு, அறுபத்திரண்டு கிலோ. அதன் மேல் வெள்ளை வண்ணத்தில் 'தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு நிபந்தனைத் தாள். குறை ஒருவருடையது என்பதால் மூடியும் அந்த ஒருவருக்குத்தான். மனுதாரர் குழியைக் கடக்கும்போது மூடியை வைத்துக்கொள்ளலாம். கடந்து முடித்ததும் எடுத்து வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். பிறர் மிதித்ததாகத் தெரிந்தால் அவர்களுக்கு அபராதம்; மூடி பறிமுதல்.

"அறுபத்திரண்டு கிலோவை நான் இடுப்புல தூக்கி வச்சுட்டுத் திரியணுமா?" என்றாள் அக்கா.

"கணவர் உதவலாம்," என்றார் செயலாளர். "ஆனா அவர் மிதிக்கக் கூடாது."

திறப்பு விழாவுக்குத் தலைவரே வந்தார். சந்தின் வாயில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவர் பேசினார்: "ஒரே ஒரு பெண்ணோட பயத்துக்காக ஒரு முழு மூடியைச் செஞ்சு குடுத்திருக்கோம். கூட்டத்தைப் பார்த்து இந்த ஆணையம் என்னைக்கும் மசிஞ்சதில்ல." கூட்டம் கைதட்டியது, தட்டச் சொல்லியிருந்தோம். ரிப்பனை வெட்டி, படத்துக்காக மூடியின் மேல் ஏறி நடந்து சந்துக்குள் வந்தார். மூடி 'டங்' என்று லேசாக ஆடியது. தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. திரும்பும்போது அவர் மூடியை மிதிக்க மறுத்தார். காரைப் பின்பக்கமாகவே சந்துக்குள் வரவழைத்து, உள்ளேயே ஏறிக்கொண்டு போனார்.

அவர் போனபின் மூடியை எடுத்து வைக்கும்படி செயலாளர் சொன்னார். அக்கா மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இன்னும் கடந்து முடிக்கலங்க. பாதி வழியிலதான் இருக்கேன். அப்படியே எழுதிக்கோங்க."

இதற்கு நிபந்தனைத் தாளில் பதில் இல்லை. எனவே ஆணையம் ஒரு காவலாளியை நியமித்தது. அவருக்கு ஒரு நாற்காலி, நாலு காலோடு. ஒரு குடை. ஒரு பதிவேடு. மூடியை நடந்து மிதிக்கிற ஒவ்வொருவரின் பெயரையும், திறப்பு விழாவிலிருந்தே தொடங்கி, மிதிக்கும்போதெல்லாம் எழுத வேண்டும். அந்தக் காவலாளியின் சம்பளத்தில் மாதத்துக்கு மூன்று மூடி வாங்கலாம். நான் சொல்லவில்லை, சொன்னால் மூடியை எடுத்துவிட்டுக் காவலாளியை வைத்துக்கொள்வார்கள்.

மாமா அந்த ஒரு மாதம் கையை வீசிக்கொண்டு நேரே பார்த்து நடந்தார். 'டங்' சத்தம் கேட்டால் சந்து வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அக்கா காலையில் போன் செய்வதை நிறுத்தியிருந்தாள்.

மாதம் முடிந்ததும் பதிவேடு என் மேஜைக்கு வந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரி. செயலாளர் வந்து நின்றார்.

"அனுமதி இல்லாம மிதிச்சது யார் யார்னு எண்ணிக் குடு. ஒரு பேர் இருந்தாலும் போதும், நாளைக்கே மூடியைத் தூக்கிடலாம். தலைவர் ஆவலா இருக்கார்."

பதிவேட்டில் சந்து முழுக்க இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மாமாவின் பெயர், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சில பக்கங்களைக் கிழித்து எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லத் தைரியம் வராமல் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது உள்ளே சுற்றறிக்கை எண் ஏழு கண்ணில் பட்டது. ஒரு தடவைக்கு மேல் வரும் எதுவும். எக்காரணம் கொண்டும். யாருக்காகவும்.

எதற்குப் பொய்? முறைப்படியே எண்ணினேன். பெயர்களைச் சுத்தம் செய்தேன், முன்னைவிடச் சுத்தமாக. ஒன்றுகூட வேண்டாம் என்ற அதே கட்டளை. முட்டுச்சந்து அது. உள்ளே போனவர் எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். எல்லார் பெயரும் குறைந்தது இரண்டு தடவை இருந்தது. மாமா போனார். அக்கா போனாள். மாமியார், மருமகள், காய்கறிப் பைக்காரர், படம் எடுத்தவர், செயலாளர்கூடப் போய்விட்டார்.

திரையில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. தாளில் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.

தலைவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இது என் பேராச்சே."

"ஆமாங்கய்யா. நடந்து உள்ள போனீங்க, திரும்பறப்ப கார்ல போயிட்டீங்க. ஒரே ஒரு தடவை மிதிச்சவர் நீங்க மட்டும்தான்."

"மத்தவனெல்லாம் தினமும் மிதிக்கிறானே!"

"அது நிலைமைங்கய்யா."

செயலாளர் வழக்கம்போல் குறித்துக்கொண்டார். பிறகு தான் என்ன குறித்தோம் என்று பார்த்துப் பேனாவை மூடினார். வேறு முறையில் எண்ணச் சொல்லலாமே என்று மெதுவாகச் சொன்னார். நான் சுற்றறிக்கை ஏழை மேஜையில் வைத்தேன். கீழே இருந்த இரண்டு கையெழுத்துகளையும் இருவரும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டியல் எப்ப மேலிடத்துக்குப் போகுது?" என்று தலைவர் கேட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம்ங்கய்யா. அதுவரைக்கும் பதிவேடு திறந்துதான் இருக்கும்."

மறுநாள் காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். பெரிய தெருவில் ஒரு கார் நின்றது. தலைவர் தனியாக இறங்கினார், தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு. மூடிக்கு முன்னால் வந்து நின்று, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரி ஒரு காலை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே எட்டில் கடந்தார். 'டங்' என்றது.

"எழுதிட்டியா?" என்று காவலாளியிடம் கேட்டார்.

"எழுதிட்டேங்க. ரெண்டாவது தடவை."

அந்த நேரம் மாமா கடைக்குக் கிளம்பி எதிரே வந்தார். கையை வீசிக்கொண்டு, நேரே பார்த்து. பக்கத்தில் ஒதுங்கி நின்ற தலைவர் அவர் கண்ணில் படவே இல்லை. மூடியை மிதித்து, அதன் மேலேயே ஒரு விநாடி நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெரிய தெருவுக்குள் போனார். காவலாளி பதிவேட்டில் தலைவருக்கு அடுத்த வரியில் அவர் பெயரை எழுதினார்.

அக்கா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"திரும்பிப் போறப்பவும் மிதிச்சுட்டே போங்கய்யா. எங்க சந்துல எல்லாரும் அப்படித்தான்."